ஏரிக்கு எவ்வளவு தண்ணீர் வரும்: கணினி மாதிரியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஓர் ஊராட்சிக்கு ஏரிப் பணிக்கென்று சிறிது நிதி வந்துவிட்டால், ஊர்க் கூட்டத்தில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. அந்தப் பணத்தைக் கொண்டு ஏரியைத் தூர் வாருவதா, வரத்துக் கால்வாயைச் சரிசெய்வதா, கரையைப் பலப்படுத்தி, ஏரி நிரம்பியதும் மிகை நீர் வெளியேறும் கோடியை எடுத்துக் கட்டுவதா? மூன்றையும் செய்யப் பணம் போதாது. தூர் வாரினால் வண்டல் மண் கிடைக்கும் என்பதால் ஒரு தரப்பினர் அதைக் கேட்பார்கள். ஏரிக்கு மேல்புறம் நிலம் வைத்திருப்பவர்கள் கால்வாயைத் தொடுவதை விரும்பமாட்டார்கள். கோடிக்குக் கீழே வீடு கட்டியிருப்பவர்களுக்குக் கரையைப் பற்றிய கவலைதான் முதல் கவலை. ஒவ்வொருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எதைச் செய்தால் தண்ணீர் எவ்வளவு கூடும் என்று கேட்டால் யாரிடமும் ஓர் எண் இருப்பதில்லை.

அந்த எண்ணைத் தருவதற்காகத்தான் நான் செய்யும் வேலை இருக்கிறது. நிலத்தின் உயரம், மண்ணின் தன்மை, பயிர், மழை ஆகியவற்றைக் கணினியில் ஏற்றி, இவ்வளவு மழை பெய்தால் இந்த ஏரிக்கு இவ்வளவு நீர் வரும் என்று கணக்கிடும் மாதிரிகளை உருவாக்குகிறேன். முன்பு பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே எட்டிய இந்தக் கருவிகள் இன்று யார் வேண்டுமானாலும் பதிவிறக்கிக்கொள்ளும்படி இருக்கின்றன. வரைபடங்களைக் கையாளும் கியூஜிஐஎஸ், நீர்ப்பிடிப்புப் பகுதியைக் கணக்கிடும் ஸ்வாட், வெள்ளம் பரவும் விதத்தைக் காட்டும் ஹெக்-ராஸ் ஆகிய எதற்கும் கட்டணம் இல்லை. இஸ்ரோவின் புவன் தளத்தில் நம் ஊரின் செயற்கைக்கோள் படத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். இவ்வளவு எளிதாகக் கிடைப்பதாலேயே இக்கருவிகளை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதை வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. என் கருத்து இதுதான்: மாதிரி தரும் எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தத் தகவல் மாறினால் முடிவே மாறிவிடும் என்பதைக் கண்டுபிடித்து, களத்துக்குப் போய் அதை அளந்து வரவே மாதிரியைப் பயன்படுத்த வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு ஓடிவரும் என்பதைக் கணிக்க உலகெங்கும் பயன்படும் முறை ஒன்று உண்டு. அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை 1950-களில் உருவாக்கிய அந்த முறையில், ஒரு நிலத்தின் இயல்பு முழுவதும் ‘கர்வ் நம்பர்’ என்ற ஒரே எண்ணில் அடக்கப்படுகிறது. தார்ச் சாலைக்கும் ஓட்டுக் கூரைக்கும் அது 100-ஐ நெருங்கும். நல்ல காட்டு மண்ணுக்கு மிகவும் குறையும். நம் செம்மண் மேட்டு நிலத்துக்குக் கேழ்வரகு, கொள்ளு, நிலக்கடலை என்று பயிரைப் பார்த்து 75 என்று ஒருவர் வைக்கலாம். அடியில் பாறை மேலாக இருக்கிறது என்பதைக் கருதி இன்னொருவர் 80 என்று வைக்கலாம். இரண்டுமே நியாயமான மதிப்பீடுகள். இப்போது 50 மி.மீ. மழை பெய்வதாக வைத்துக்கொள்வோம். 75 என்று வைத்தவரின் மாதிரியில் 9.3 மி.மீ. நீர் ஓடிவரும், 80 என்று வைத்தவரின் மாதிரியில் 13.8 மி.மீ. ஓடிவரும். ஏரிக்கு 4 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பு இருந்தால், முன்னதில் 1.3 மில்லியன் கன அடி, பின்னதில் ஏறத்தாழ 2 மில்லியன் கன அடி. ஒருவர் மேசையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த ஓர் எண்ணின் சிறு வேறுபாட்டால் ஏரிக்கு வரும் நீர் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுகிறது.

நிலம் எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதைச் சேர்த்தால் வேறுபாடு இன்னும் பெரிது. அதே முறையில் வறண்ட நிலைக்கு ஓர் எண்ணும், ஏற்கெனவே நனைந்த நிலைக்கு ஓர் எண்ணும் உண்டு. 75 என்பது வறட்சியில் 57 ஆகக் குறையும். தொடர்மழைக்குப் பின் 88 ஆக உயரும். அதே 50 மி.மீ. மழையில் வறண்ட நிலத்திலிருந்து 1 மி.மீ. நீர்கூட ஓடிவராது, நனைந்த நிலத்திலிருந்து 24 மி.மீ. ஓடிவரும். ‘முதல் மழையை மண்ணே குடித்துவிடும்’ என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஐப்பசியில் அடுத்தடுத்துப் பெய்யும் மழையே ஏரியை நிரப்பும் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். ஆண்டு மழையின் மொத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் இத்தனை விழுக்காடு ஏரிக்கு வரும் என்று எழுதப்படும் திட்ட அறிக்கைகளில் இந்த அறிவுக்கு இடமே இல்லை. மழை பெய்த நாள்கள் எப்படி அடுத்தடுத்து வந்தன என்பதே இதில் முக்கியம். அதை நாள்வாரியாக ஓடும் மாதிரி கணக்கில் எடுத்துக்கொள்ளும். வெறும் பெருக்கல் கணக்கு எடுத்துக்கொள்ளாது. கணினி மாதிரியின் பக்கம் நான் நிற்பதற்கு இது முதல் காரணம்.

மழைத் தகவலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதலான நாள்மழையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வழங்குகிறது. அரிய சேவை அது. ஆராய்ச்சியாளர்கள் அனைவரும் அதற்குக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் ஒரு கட்டத்தின் பக்கம் கால் பாகை, அதாவது ஏறத்தாழ 27 கி.மீ. தருமபுரி மாவட்டத்தின் 4,500 சதுர கி.மீ. பரப்பும் ஏறக்குறைய ஆறு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். பாலக்கோட்டில் கோடை மழை கொட்டும்போது பத்து கிலோமீட்டர் தள்ளித் தக்காளிக் காட்டில் சொட்டுகூட விழாமல் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கட்டத்தின் சராசரி 50 மி.மீ. என்று இருக்கும், உண்மையில் பாதி நிலத்தில் 100 மி.மீ. பெய்து, மீதிப் பாதி காய்ந்து கிடந்திருக்கும். கர்வ் நம்பர் 80 என்று வைத்தால், சீராகப் பெய்த 50 மி.மீ. மழை 13.8 மி.மீ. நீரைத் தரும், பாதி நிலத்தில் பெய்த 100 மி.மீ. மழை முழுப் பரப்புக்கும் சராசரியாக 25 மி.மீ. தரும். சராசரி ஒன்றே, தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த ஓர் ஐயத்தைத் தீர்க்க விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் உதவாது. ஏரியின் நீர்ப்பிடிப்புக்குள் இரண்டு மழைமானிகளை நட்டு, தினமும் காலை 8.30 மணிக்கு அளவெடுத்துக் குறிப்பதற்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்தால் போதும்.

காலை 8.30 என்பதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வானிலைத் துறையின் கணக்கில் ஒரு தேதியின் மழை என்பது அன்று காலை 8.30 வரையிலான முந்தைய 24 மணி நேர மழை. ஞாயிற்றுக்கிழமை இரவு பெய்த மழை திங்கட்கிழமைப் பதிவில் இருக்கும். ஊரார் சொல்லும் நாளையும் பதிவேட்டு நாளையும் ஒப்பிடும்போது இதை நினைவில் கொள்ளாவிட்டால் வீண் குழப்பம் வரும்.

அடுத்தது நிலத்தின் உயரம். தண்ணீர் எங்கே ஓடும் என்று கணிக்க, இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவையே பெரும்பாலோர் பயன்படுத்துகிறோம். பலர் எடுத்துக்கொள்ளும் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் ரேடார் கருவியைச் சுமந்து பூமியைச் சுற்றிவந்தபோது திரட்டப்பட்டது. அதில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர் நிலம்; உயரத்தில் சில மீட்டர் பிழையும் இருக்கலாம். நம் ஏரிக்கரையின் மேல் அகலம் ஒரு மாட்டு வண்டி போகும் அளவு. வரத்துக் கால்வாயின் அகலம் அதைவிடக் குறைவு. அந்தத் தரவின் கண்ணுக்கு இரண்டும் தெரியா. அதைவிட முக்கியமாக, கிருஷ்ணகிரி–தொப்பூர் நான்கு வழிச்சாலை அதற்குப் பின்னரே அமைந்தது. சாலையின் மேடு இருபுறமும் நீரோட்டத்தை மாற்றியிருப்பது 2000-ஆம் ஆண்டின் தரவுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே கணினியில் ஓடைகளை வரைந்ததும் அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவது என் வழக்கம். காரிமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊராட்சி அலுவலக மேசைமேல் அந்தத் தாளை விரித்து வைத்தேன். மதகைத் திறந்து மூடி வயல்களுக்கு நீர் பங்கிடும் நீர்க்கட்டியாகப் பல ஆண்டுகள் இருந்த முதியவர் ஒருவர் அதைத் தன் பக்கம் திருப்பி, கோயில் எங்கே, மதகு எங்கே என்று கேட்டறிந்துகொண்டு, விரலால் நீலக் கோட்டைத் தொடர்ந்து வந்து நெடுஞ்சாலையில் நிறுத்தினார்.

“இதுக்கு மேல இப்படிப் போகாதுங்க தம்பி. ரோடு உசந்ததுல இருந்து தண்ணி இப்படியே ஓரமா ஓடி, பெரிய பாலத்துக்கு அடியில பூந்துதான் அந்தப் பக்கம் போவுது.”

“நடுவுல சின்னக் குழாய் ஏதாவது இருக்குங்களா ஐயா?”

“ரெண்டு இருக்கு. ஒண்ணு மண்ணு மூடிப் போச்சு. இன்னொண்ணுல ஆள் குனிஞ்சு போவலாம், ஆனா மழைக்காலத்துல குப்பை அடைச்சிக்கும்.”

அவர் காட்டிய பாதையைப் பின்பற்றி நடந்தோம். பெரிய பாலத்தின் அகலத்தையும் உயரத்தையும் நாடா பிடித்து அளந்தோம். மூடிப்போன குழாயின் இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டோம். உயரத் தரவில் சாலையை மேடாக உயர்த்தி, திறந்திருக்கும் இடத்தில் மட்டும் வழிவிட்டு மாதிரியை மீண்டும் ஓட்டியபோது, நீர்ப்பிடிப்பின் ஒரு பகுதி இந்த ஏரியைவிட்டு விலகி அடுத்த ஊர் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஏரி ஏன் முன்போல் நிரம்புவதில்லை என்ற ஊராரின் கேள்விக்கு மழைக் குறைவு மட்டுமே விடை இல்லை என்பது அப்போது தெளிவாயிற்று. மண் மூடிய குழாயைத் திறந்தால் எவ்வளவு நீர் திரும்பும் என்பதையும் கணினியில் உடனே கேட்டுப் பார்க்க முடிந்தது. நீர்க்கட்டியின் அறிவும் கணினியின் கணக்கும் ஒரே தாளில் சந்தித்ததால் கிடைத்த பயன் இது. நீர்க்கட்டிகளின் தலைமுறை நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்பதால், அவர்கள் சொல்வதை வரைபடத்தில் பதிந்து வைக்கும் வேலையை நான் மிக அவசரமானதாகக் கருதுகிறேன்.

தூர் வாருவதைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். நீர் பரவும் பரப்பு 10 ஹெக்டேர் உள்ள ஏரியில் ஓர் அடி ஆழத்துக்கு மண் எடுத்தால் கொள்ளளவு ஏறத்தாழ 1 மில்லியன் கன அடி கூடும். மூன்று யூனிட், அதாவது 300 கன அடி, பிடிக்கும் டிப்பரில் அது ஏறத்தாழ 3,500 லோடு. அதற்கான டீசல் செலவை ஒருபுறம் வைத்துக்கொண்டு, மறுபுறம் கோடையில் ஏரியிலிருந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் ஆவியாகிறது என்று வைத்துப் பாருங்கள்: அந்த ஓர் அடி ஆழ நீர் 60 நாளில் போய்விடும். இதனால் தூர் வாருவதே வீண் என்று நான் சொல்லவில்லை. வண்டல் படிந்து அடைபட்ட அடித்தளம் திறந்தால் சுற்றுக் கிணறுகளுக்கு ஊற்று கூடும். வண்டல் வயலுக்கு உரமாகும். அதை எடுப்பதற்கான அனுமதியை 2024 முதல் வட்டாட்சியரே வழங்கலாம் என்பதால் நடைமுறையும் எளிதாகியிருக்கிறது. ஆனால் வரத்து இல்லாத ஏரியில் கொள்ளளவைக் கூட்டுவதால் வெறும் குழிதான் பெரிதாகும். கடந்த முப்பது ஆண்டு மழையை மாதிரிக்குள் செலுத்தி, இப்போதைய கொள்ளளவிலேயே ஏரி எத்தனை ஆண்டுகள் கோடி போயிருக்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். அடிக்கடி கோடி போகும் ஏரியென்றால் தூர் வாருவதற்குப் பொருள் உண்டு. அரிதாகவே நிரம்பும் ஏரியென்றால் பணம் கால்வாய்க்குப் போவதே நல்லது. எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டால் போதும். நிரம்பிய ஆண்டுகள் பதினொன்றா பன்னிரண்டா என்பது முடிவை மாற்றாது.

சிறு ஏரிகளில் நீர்மட்டப் பதிவேடு இருப்பதில்லை. ஆகவே மாதிரி சொல்வது சரியா என்று எதை வைத்துச் சோதிப்பது என்ற கேள்வி எழும். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1980-களிலிருந்து எடுத்த படங்களும், 2015 முதல் சென்டினல்-2 எடுக்கும் 10 மீட்டர் நுட்பமுள்ள படங்களும் இங்கே கைகொடுக்கின்றன. ஏரியில் நீர் எவ்வளவு பரந்திருந்தது என்பதை ஆண்டுதோறும் பார்த்து மாதிரியோடு ஒப்பிடலாம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும் நாள்களிலேயே மேகமும் மூடியிருக்கும் என்பது இதில் உள்ள குறை. மேகத்தை ஊடுருவும் ரேடார் கொண்ட சென்டினல்-1 அப்போது உதவும். ஆகாயத்தாமரை மூடிய ஏரியைக் கணினி வயல் என்று எண்ணிவிடும். சீமைக் கருவேலம் மண்டிய உள்வாயிலும் (கரைக்கு உட்புறம் நீர் தேங்கும் பகுதி) அதே தொல்லைதான். படத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்துவதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இதுவரை சொன்னது சாதாரண ஆண்டுகளுக்கு. பெருமழைக்குக் கணக்கே வேறு. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 503 மி.மீ. மழை பதிவானது. ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 850 மி.மீ. பெய்யும் வட்டாரத்தில் பாதிக்கு மேற்பட்ட மழை ஒரே நாளில் கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வாகனங்களை ஏரி வெள்ளம் உருட்டிச் சென்ற காட்சியை மாநிலமே பார்த்தது. அந்த மழைக்கு மேலே சொன்ன கர்வ் நம்பர் கணக்கைப் போட்டால், 75-க்கு 414 மி.மீ., 80-க்கு 434 மி.மீ. ஓடிவரும். வேறுபாடு 5 விழுக்காடு மட்டுமே. சாதாரண மழையில் முடிவையே புரட்டிப்போட்ட அந்த எண்ணுக்குப் பெருமழையில் மதிப்பே இல்லை. மண்ணைப் பற்றி மாதக்கணக்கில் ஆராய்ந்து வெள்ளத்துக்குத் திட்டமிடுவது வீண் உழைப்பு. அந்த 50 செ.மீ. மழை எந்தெந்த மணி நேரத்தில் எவ்வளவு விழுந்தது, கோடியில் நீர் வழிய கட்டப்பட்ட கலிங்கு எத்தனை அகலம், பாலங்களின் கண் எவ்வளவு திறந்திருக்கிறது, கரையின் மிகத் தாழ்வான இடம் எது என்பவையே வெள்ளத்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன.

கணினி மாதிரிக்கு ஈடே இல்லாத இடமும் இதுவே. நம் ஏரிகள் ஒன்றன் கோடி நீர் அடுத்ததற்கு வரத்தாகும்படி சங்கிலியாக அமைந்தவை. மேல் ஏரி நள்ளிரவில் உடைந்தால் கீழ் ஏரி தாங்குமா, தாங்காவிட்டால் எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடத்தில் தண்ணீர் வரும், அந்த நேரத்துக்குள் மக்கள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எந்த வழியாகப் போக முடியும் என்பவற்றை உண்மையில் சோதித்துப் பார்க்க யாராலும் முடியாது, பார்க்கவும் கூடாது. கணினிக்குள் கரையை வேண்டிய இடத்தில், வேண்டிய மணிக்கு உடைத்துப் பார்க்கலாம். கலிங்கை அகலப்படுத்தினால், ஒரு பாலத்தைப் பெரிதாக்கினால், ஏரிப் புறம்போக்கை மீட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்து, எது அதிகத் தெருக்களைக் காக்கிறது என்று அறியலாம். இந்த வேலைக்கு நுட்பமான உயரத் தரவு தேவை. கரை நெடுகிலும் கருவி வைத்து மட்டம் எடுக்க வேண்டும். நம் மாவட்டங்களில் இருக்கும் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செயல்முறைப் பயிற்சி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முடிவெடுப்பவர்களிடம் இவற்றை எப்படிக் கொண்டுபோவது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ‘வரத்து 1.953 மில்லியன் கன அடி’ என்று எழுதப்பட்ட அறிக்கையை நான் ஏற்பதில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்கள் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டிவிடுகின்றன. 1.3 முதல் 2 வரை இருக்கலாம், இந்தக் காரணத்தால் இவ்வளவு இடைவெளி என்று எழுதினால் படிப்பவருக்கு உண்மை தெரியும். மாதிரிக்குள் எடுத்துக்கொண்ட அனுமானங்கள் ஒவ்வொன்றும் எளிய தமிழில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும். ‘இந்தக் குழாய் திறந்திருப்பதாக எடுத்துக்கொண்டோம்’ என்ற வரியைக் கேட்டதும், அது அடைத்துக் கிடப்பதை அறிந்த ஒருவர் எழுந்து சொல்வார். வண்ண வண்ண வரைபடத்தைத் திரையில் காட்டி, அனுமானங்களைப் பின்னிணைப்பில் புதைத்துவிட்டால் அவர் எழுந்திருக்க வழியே இல்லை.

வரும் பருவமழைக்கு முன் இரு மாவட்டங்களிலும் இன்னும் சில ஏரிச் சங்கிலிகளுக்கு மாதிரி அமைக்க எண்ணியிருக்கிறேன். அதற்கு இதைப் படிப்பவர்களின் உதவி தேவை. உங்கள் ஊர் ஏரி கோடி போன நாளில் எடுத்த கைப்பேசிப் படங்கள் உங்களிடம் இருக்கலாம். 2024 டிசம்பர் வெள்ளத்தில் சுவரில் தண்ணீர் நின்ற தடம் இன்னும் அழியாமல் இருக்கலாம். படத்தில் தேதி, மணி, இடம் ஆகிய மூன்றும் தெரிந்தால் அதை மாதிரியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும். சுவரில் தடம் இருந்தால், தரையிலிருந்து அது எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று அளந்து, அருகில் அளவுகோலை நிறுத்திப் படமெடுத்து வையுங்கள். வெள்ளையடிப்பதற்கு முன் எடுத்துவிட்டால் நல்லது.